சனிக்கிழமை நண்டு

3 ஜூன் 2024

வெட்கத்தை விட்டு எழுதிவைக்கிறேன். நான் எழுதும் எங்கள் கடை வலைப்பதிவில் "காளிதாசன் சார் எழுத்தைப் படித்தால் வயிறு குலுங்குகிறது" என்று வாரம் தவறாமல் பின்னூட்டம் போடும் சுங்கை பட்டாணி பிரேமாவதி நான்தான். அவளுக்கு எதிராகப் பேசும் பாலிங் இருளப்பனும் நான்தான். இன்று இரண்டு பேருக்கும் சாம்பாரில் முருங்கைக்காய் போடுவது பற்றிச் சண்டை மூட்டிவிட்டேன். சண்டை சூடு பிடித்த வேகத்தில் பெயரை மாற்ற மறந்து, பிரேமாவதியின் பதிலைக் கடையின் பெயரிலேயே போட்டுத் தொலைத்தேன். "ஒரு பொம்பளை சொன்னால் கேட்க மாட்டீர்களா?" என்று புஷ்பா கேட்டரிங் கேட்கிறது.

பினாங்கிலிருந்து மகள் சாந்தினி கூப்பிட்டாள். "என்னா லா இது அப்பா? பார்க்கவே பாவமா இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்றுவிட்டாள்.

5 ஜூன்

என் நிலைமையை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். கூலிமில் தொழிற்சாலை மூடியதிலிருந்து நான் என் மனைவி புஷ்பவள்ளியின் கடையில் இருக்கிறேன். கருமாதி, பதினாறு, திவசம் — பாடாங் செராய் வட்டாரத்துச் சாவு வீடுகளுக்கெல்லாம் அவள் சமையல்தான். எனக்குச் சோறு வடிக்கக் கொடுத்தால் கஞ்சி வடிப்பேன். அதனால் எழுதக் கொடுத்திருக்கிறாள். "நாலு பேரு படிச்சு நாலு பேரு கூப்புடுற மாதிரி எழுதுங்க. இல்லன்னா வெங்காயம் உரிங்க."

சாந்தினி இன்று சட்டம் போட்டாள். மனுஷன் கதையாக எழுது. முடிவில் படிக்கிறவரைப் பார்த்து ஒரு கேள்வி கேள். யார் பின்னூட்டம் போட்டாலும் உடனே பதில் போடு. பிரேமாவதியையும் இருளப்பனையும் கொன்றுவிடு.

இரண்டு பேருக்கும் இன்றே காரியம் முடிந்தது. சாப்பாடு போடவில்லை.

10 ஜூன்

எழுத விஷயம் பிடிபட்டுவிட்டது!

பதினாறாம் நாள் படையலில், இறந்துபோனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கிறார்கள் அல்லவா? புஷ்பா எப்போதும் கேட்பாள், "அவுங்களுக்கு என்னா ரொம்பப் புடிக்கும்?" என்று. அந்தப் பதில்களை நான் இத்தனை நாள் வெங்காயத் தோலோடு கூட்டித் தள்ளியிருக்கிறேன். நேற்று ஒன்றை எழுதினேன். ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிழவி, ஐம்பது வருஷம் பால் மரம் வெட்டியவள், ஆசைப்பட்டது ஒரு பெட்டி பொரித்த கோழி. உயிரோடு இருக்கும்போது பிள்ளைகள் வாங்கித் தரவில்லை, 'கொழுப்பும்மா' என்றார்கள். படையலில் ஆறு பெட்டி. பெயர் போடவில்லை, நான் யார் பெயரையும் போடுவதில்லை. தலைப்பு: கடைசிப் பந்தி.

எழுபது பின்னூட்டம். எதுவும் நான் போட்டதில்லை! எங்கப்பாவுக்கு ஸ்டவுட் பீர், எங்கம்மாவுக்கு மசாலா கடலை, எங்க மாமாவுக்குத் தோசை ஓரம் மட்டும்… ஒவ்வொன்றுக்கும் "அருமை! இன்னும் எழுதுங்கள்" என்று பதில் போட்டேன். விரல் வலித்தது. சுகமான வலி.

புஷ்பா பேசாமல் ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கடைசியாகக் கல்யாணமான புதிதில் வைத்தது.

15 ஜூன்

கடைசிப் பந்தி நாலு ஆகிவிட்டது. கடைத் தொலைபேசி ஓயவில்லை. தூரத்து யான் ஊரிலிருந்துகூட ஆர்டர். அரிசிக் கடையில் ஒருவர் கேட்டார், "நீங்கதானே அந்த சாவு எழுத்தாளர்?" பெருமைப்படவா, சுடுகாட்டுப் பக்கம் ஒதுங்கவா என்று தெரியவில்லை.

20 ஜூன்

ஒரே நாளில் மூன்று வீட்டு வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசி, கையில் வெங்காயம். தஞ்சோங் டாவாயில் ஒரு கத்தோலிக்க வீடு, முப்பதாம் நாள் பூசைக்குச் சாப்பாடு. அந்த அம்மா பேசினார், பேசினார், நான் 'ம்' போட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் இன்னொரு வீட்டுக்காரர், அப்புறம் தக்காளிக்காரன். எல்லாம் ஒரே அண்டாவில் கொதித்த மாதிரி இருக்கிறது மண்டை.

21 ஜூன்

பக்கிரிசாமி போய்விட்டார்.

லோரி ஓட்டி ஓய்ந்தவர். காலையில் குளியலறையில் விழுந்தார், அவ்வளவுதான். அவர் மனைவி யோகேஸ்வரி என்னோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவள், எனக்குத் தங்கை மாதிரி. பால்வாடியில் நான் அவள் பிஸ்கட்டைத் திருடித் தின்றவன். அந்த உரிமையில் சொல்கிறேன், அவள் மாதிரி வெள்ளை மனது இந்த ஊரில் இல்லை.

23 ஜூன்

யோகேஸ்வரி வீட்டில் சாப்பாடு இறக்கப் போனோம். புஷ்பா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். யோகேஸ்வரி அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

"என்னத்த வெச்சாலும் தின்னுவாரு அண்ணி. குத்தமே சொல்ல மாட்டாரு. சனிக்கெழமையானா மட்டும் தூண்டிலத் தூக்கிக்கிட்டுத் தஞ்சோங் டாவாய் போயிருவாரு. இருட்டுற நேரம் வருவாரு. மீனு மட்டும் ஒரு நாளும் வந்ததில்ல."

"மீனுக்கு அவரு மீசையப் பாத்து பயமா இருந்திருக்கும்" என்றேன். சாவு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மகன் சத்தியசீலன்கூட. சாவு வீட்டில் சிரிக்க வைப்பது ஒரு கலை. என்னிடம் இருக்கும் ஒரே கலை.

26 ஜூன்

இன்று போட்டேன். இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது — நானே சொல்லக்கூடாது, சொல்ல பிரேமாவதியும் இல்லை.

"முதலில் மீசை வரும், அப்புறம் லோரி வரும், கடைசியில்தான் அவர் வருவார்" என்று ஆரம்பம். சனிக்கிழமைத் தூண்டில், தஞ்சோங் டாவாய்க் காற்று, வராத மீன். பிறகு நண்டு — புளி குறைத்து, மிளகு தூக்கலாக வைத்த நண்டு, அதை ஓடு ஓடாக உடைத்து, பேச்சில்லாமல், கால் நகத்தைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிடும் அழகு. நண்டு வந்ததும் கட்டுரைக்கே ருசி வந்துவிட்டது. முடிவில் சாந்தினி சட்டப்படி கேள்வி:

"உங்கள் வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் எங்கே போகிறார்?"

குறும்புதான். குறும்பில்லாமல் நான் என்ன எழுத?

27 ஜூன்

இருநூறைத் தாண்டிவிட்டது. பெண்கள் புகுந்து விளையாடுகிறார்கள். "எங்க வீட்டுக்காரர் டயர் மாத்தப் போறேன்னு போவார், அஞ்சு வருஷமா அதே டயர்." நான் பதில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். நாற்காலியை விட்டு எழவில்லை.

மத்தியானம் புஷ்பா வந்து கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதப் படிச்சீங்களா?"

ஜேன் என்ற பெயர். "இதைப் படித்து அழுதுவிட்டேன். அவருக்குச் சனிக்கிழமை நண்டு என்றால் உயிர். புளி குறைத்து மிளகு போட்டு நான்தான் வைத்துக் கொடுப்பேன். சாப்பிட்டுவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இனி தஞ்சோங் டாவாயில் அந்த நாற்காலி…"

மூன்று புள்ளியில் நிற்கிறது. அதற்கு மேல் எழுத முடியாமல் அழுதிருப்பாள் போலிருக்கிறது.

பக்கிரிசாமி! தூண்டிலோடு போய் மீனில்லாமல் வந்த பக்கிரிசாமி!

சிரிப்பு வந்தது முதலில். உண்மையை எழுத வேண்டும். சிரிப்புதான் முதலில் வந்தது.

28 ஜூன்

அந்தப் பின்னூட்டத்தைப் படம் பிடித்து யாரோ கோயில் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள். பெயரில்லாமல் எழுதியதாக நான் நினைத்த மனிதரைப் பாடாங் செராயில் மீசை முளைத்த பிள்ளையிலிருந்து எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மீசையைத் தெரியாமல் இருக்குமா? முட்டாள். நான்தான்.

குழுவில் பேச்சு: "சின்ன வீடு கடலோரமா." "பழைய லோரி டிரைவர்ல, எல்லா ஊர்லயும் பிரேக் போட்டுருப்பாரு." இதே பேச்சு வேறு யாரைப் பற்றியாவது இருந்தால் நானும் ஒரு வரி சேர்த்திருப்பேன். நல்ல வரியாகவே.

பதிவுக்கு நானூறு பின்னூட்டம்.

30 ஜூன்

யோகேஸ்வரி கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அண்ணே, எங்கிட்ட நண்டு ஒத்துக்காதுன்னு சொன்னாரு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ தின்னு ஒடம்பெல்லாம் தடிச்சிப் போயி, ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். அதுக்கப்புறம் எங்க வீட்டுல நண்டுச் சட்டி ஏறுனதே இல்ல. எனக்கு உசிரு நண்டுன்னா. அவருக்காக நான் தொடல. அப்ப அங்க மட்டும் ஒத்துக்கிச்சா அண்ணே?"

நான் என்ன சொல்வேன்? நீதானே தாயி நண்டு என்று சொன்னாய் — கேட்க வாய் வந்தது. சொன்னாளா? யோசித்துப் பார்க்கிறேன். மீன் சொன்னாள். நண்டு… யார் சொன்னது? யாரோ சொன்னார்கள். காதில் இருக்கிறது, குரல் இருக்கிறது, முகம் இல்லை.

"நீங்க நல்லா விசாரிச்சுத்தானே எழுதியிருப்பீங்க" என்றாள்.

"ம்" என்றேன்.

ம். அவ்வளவு பெரிய கேள்விக்கு அவ்வளவுதான் என் பதில். ஏன் அப்படிச் சொன்னேன்? விசாரிக்கவில்லை தாயி, வாய்க்கு வந்ததை எழுதினேன் என்று சொல்லியிருந்தால் இந்த எழுத்தாளன் அத்தோடு காலி. வெங்காயம் உரிக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து ம்.

2 ஜூலை

சத்தியசீலன் கடைக்கு வந்தான். அப்பாவின் தூண்டிலை இரண்டாக ஒடித்துக் கொண்டுவந்து, புஷ்பா அரிந்து வைத்திருந்த கோஸ் மேல் போட்டான்.

"அங்கிள், இதையும் எழுதுங்க. நல்லா கமெண்ட் வரும்."

"தம்பி, உக்காருப்பா…"

"பதினாறுக்கு நான் மொட்ட போட மாட்டேன். அந்த ஆளுக்கு நான் புள்ளயா இல்ல அங்கயும் ஒருத்தன் இருக்கானா, யாருக்குத் தெரியும்? அவன வந்து போடச் சொல்லுங்க."

போய்விட்டான். புஷ்பா தூண்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள். கோஸ் முழுவதையும் குப்பையில் கொட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

3 ஜூலை

பதிவை அழித்துவிட்டேன். அத்தனை பின்னூட்டமும் போயிற்று. படம் பிடித்தவர்கள் கையில் இருப்பது போகுமா?

சாந்தினி: "அழிச்சா இன்னும் உண்மைன்னு நெனப்பாங்கப்பா."

அப்படித்தான் நினைக்கிறார்கள்.

4 ஜூலை

யோகேஸ்வரி பதினாறுக்குச் சாப்பாடு சொல்லிவிட்டாள். "சோறு, சாம்பார், வேற ஒண்ணும் வேணாம் அண்ணி. படையலுக்கு நண்டு மட்டும். புளி கொறச்சு, மெளகு தூக்கலா."

புஷ்பா தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் அப்படியே நின்றாள்.

"என்னாங்க, இத நான் சமைக்கணுமா?"

எனக்குச் சமைக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே சமைத்திருப்பேன்.

6 ஜூலை

சனிக்கிழமை. அதுவும் சனிக்கிழமையாகத்தான் வந்து சேர வேண்டுமா.

ஆற்றங்கரைச் சடங்கு நடக்கவில்லை. செய்ய மகன் வரவில்லை. பண்டாரம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தட்சணை வாங்காமல் போனார். கெனோபிக் கூடாரத்துக்குக் கீழே அடுக்கிய நாற்காலிகளில் பத்துப் பேர். மற்றவர்கள் வேலிக்கு வெளியே, பார்த்தும் பார்க்காத மாதிரி. சத்தியசீலன் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான், தலை நிறைய முடியோடு.

யோகேஸ்வரி விளக்கு ஏற்றவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. இலை போட்டு, நண்டை மட்டும் அள்ளி அள்ளி வைத்தாள். இலை கொள்ளாமல் தரையில் வழிந்தது.

"தின்னட்டும்" என்றாள். "இங்கயும் ஒரு தடவ தின்னட்டும்."

என்னிடம் இருக்கும் ஒரே கலை உதவவில்லை. படத்தில் அவர் மீசை சிரித்துக்கொண்டிருந்தது.

நூறு பேர் சாப்பாட்டையும் அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் புஷ்பா சொன்னது ஒன்றே ஒன்று. "நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதச் சொன்னேன். தப்பு என்மேலதான்."

8 ஜூலை

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

11 ஜூலை

மத்தியானம் ஒரு தொலைபேசி. தெரிந்த குரல். முகமில்லாமல் என் காதில் கிடந்த அதே குரல்.

"அண்ணே, ஜேன் பேசுறேன், தஞ்சோங் டாவாய்லேருந்து. முப்பதாம் நாளு பூசைக்கு நீங்கதான் சாப்பாடு போட்டீங்க. எங்க வீட்டுக்காரரப் பத்தி எழுதுனீங்களே, அதக் காணோமே. மக சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கா, காட்டணும்."

"எந்த… உங்க வீட்டுக்காரரா?"

"மரியராஜ் அண்ணே. நண்டு. நாந்தானே உங்ககிட்டச் சொன்னேன், புளி கொறச்சு மெளகு தூக்கலான்னு. நீங்ககூட ம் ம்னு கேட்டுக்கிட்டீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். வெங்காயக் கூடை மேலேயே.

"லோரி, மீசைன்னெல்லாம் போட்டிருந்தீங்க, அவரு மீசையே வெச்சதில்ல. சரி, கதைக்குக் கொஞ்சம் காரம் சேத்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க சேப்பீங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும். யோகேஸ்வரிக்கு மட்டும் தெரியாது. அவள் நான் விசாரித்து எழுதியதாக நினைத்தாள்.

ஒருவர் தூண்டிலில் இன்னொருவர் நண்டை நான் மாட்டியிருக்கிறேன்.

12 ஜூலை

புஷ்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். யோகேஸ்வரி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும். சொன்னேன். முழுவதும் சொன்னேன் — வெங்காயம், கைப்பேசி, ம், எல்லாம். எதையும் சிரிப்பாகச் சொல்லவில்லை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

சத்தியசீலன் உள்ளேயிருந்து வந்தான். "கடைக்கு ஆர்டர் நின்னு போச்சாமே அங்கிள். அதான் இப்ப மாத்திப் பேசுறீங்க. நல்லா எழுதுறீங்க, ஆனா இது அவ்வளவு நல்லா இல்ல." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், நாங்கள் போவதற்காக.

யோகேஸ்வரி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கு நான் அவருக்கு முன்னால வெச்சது, அண்ணே?"

ம் போடவும் வாய் வரவில்லை.

"அவருக்கு ஒத்துக்காதே" என்றாள், மெதுவாக, தனக்குத் தானே. "ஒடம்பெல்லாம் தடிச்சிருமே."

14 ஜூலை

திருத்தம் போட்டேன். காரமில்லாமல், கேள்வியில்லாமல், பதினைந்து வரி. அந்த நண்டு அந்த மனிதருடையது அல்ல, அவர் உண்மையிலேயே தூண்டில் போடத்தான் போனார், மீன் பிடிக்கத் தெரியாது, அவ்வளவுதான் என்று. கோயில் குழுவிலும் போட்டேன்.

கோயில் குழுவில் ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அதற்குக் கீழே ஆடி மாதக் கூழ் வார்க்கும் அறிவிப்பு வந்து எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டது.

19 ஜூலை

திருத்தத்தைப் படித்தவர்கள் பதினொரு பேர் என்கிறாள் சாந்தினி. அதில் நான்கு முறை திறந்து பார்த்தது நான்.

பிரேமாவதி உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பாள். எழுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவ்வளவு கீழே இறங்கிய பிறகும் இன்னும் ஒரு படி இருக்கிறது பாருங்கள்.

27 ஜூலை

சனிக்கிழமை. தஞ்சோங் டாவாய் போய்வந்தேன், ஏனென்று தெரியாமல். படகுத்துறையில் தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு மீசைக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். மலாய்க்காரர். சிரித்தார். தெரியும், லோரிப் பெரியவர், ஒவ்வொரு சனியும் அந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பார், தூண்டிலில் இரையே மாட்ட மாட்டார், சும்மா தண்ணீரில் விட்டுவிட்டுக் காற்று வாங்குவார் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன்.

திரும்பி வந்து யோகேஸ்வரியிடம் சொன்னேன், வாசலில் நின்றபடியே. தலையாட்டினாள். உள்ளே கூப்பிடவில்லை.

4 ஆகஸ்ட்

வெங்காயம் உரிக்கிறேன். நன்றாகவே வருகிறது. கண்ணில் நீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சாந்தினி வந்திருக்கிறாள். வலைப்பதிவை மூடுவதற்குமுன் கடையின் மின்னஞ்சலைப் பார்த்தாள். நான் அதைத் திறந்ததே கிடையாது. யார் பின்னூட்டம் போட்டாலும் அதன் முழு வாசகமும் அங்கே தானாக வந்து விழுமாம். வலைப்பதிவுப் பக்கத்தில் முதல் சில வரிகள்தான் தெரியுமாம், மீதி வேண்டுமென்றால் 'மேலும்' என்று இருப்பதைத் தொட வேண்டுமாம். தொட்டவர் யாருமில்லை. படம் பிடித்தவரும் இல்லை, நானும் இல்லை.

"அப்பா, இங்க பாருங்க" என்றாள்.

"…இனி தஞ்சோங் டாவாயில் அந்த நாற்காலி காலிதான். என் கணவர் மரியராஜைப் பற்றி எழுதியதற்கு நன்றி அண்ணா. அவர் ஆத்துமாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். — ஜேன் மரியராஜ்."

சத்தியசீலனுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பார்த்துவிட்டான், நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அவன் அம்மாவிடம் காட்டினானா என்று தெரியவில்லை.

அந்த மின்னஞ்சலுக்கு அடுத்ததும் இருந்தது. அந்தப் பின்னூட்டத்துக்கு, அதே நிமிடத்தில், கடையின் பெயரில் நான் போட்ட பதில்:

"அருமை! இன்னும் எழுதுங்கள்."